கந்தையும் ஆற்றுநீரும் தந்த காகிதம்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவிலுள்ள அரசாங்கச் சுவடிக்கூடத்தில் ஒரு பழைய கடிதம் பேணப்பட்டு வருகின்றது. கி.பி. 1109ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எழுதப்பட்ட கடிதம் அது. இளம்பருவத்தினனாயிருந்த தன் மைந்தன் றோஜருக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்திவந்த அதெலாசியா என்னும் அரசமாதேவி, துறவிமடம் ஒன்றைப் பாதுகாக்குமாறு தன் அதிகாரிகளுக்கு விடுத்த கட்டளை அது. கிரேக்கம், அரபு ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்டுள்ளது. அதிலுள்ள செய்தி பெரிதொன்றும் அன்று. அது காகிதத்தில் எழுதப்பட்டிருப்பதே அதன் பெருமை. ஐரோப்பாவில் இன்று எஞ்சியுள்ள காலங் குறித்த காகித ஆவணங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அதனை அறிஞர் போற்றுகின்றனர்.

அம்மைந்தன் வளர்ந்து சிசிலியின் மன்னன் இரண்டாம் றோஜர் ஆனான். தன் அன்னையின் காலத்திற் காகிதத்தில் எழுதப்பட்ட பட்டயத்தின்மீது அவனுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. 1145ஆம் ஆண்டில் அதனைப் பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதிப் புதுப்பிக்கச் செய்தான். அவனுடைய மகள்வயிற்றுப் பேரனே வரலாற்றிற் புகழ்பெற்ற பேரரசன் இரண்டாம் பிரெடரிக். அவன் 1231ஆம் ஆண்டு மெல்பி என்னும் நகரில் வெளியிட்ட சட்டத்தொகுதியிலே, நேப்பிள்ஸ், அமால்பி, சொரெந்தோ ஆகிய ஊர்களின் பெயரைச் சுட்டி, அங்கெல்லாம் பொது உறுதிகளைத் தோலிலேயே எழுதுதல் வேண்டும், காகிதத்தில் எழுதலாகாது என்று விதித்தான். வருங்காலத்திற்குச் சான்றாக நிற்கவேண்டிய எழுத்து, முதுமையினால் அழிந்துபோதல் கூடாது என்பதே அவன் கூறிய காரணம்.

பூட்டியார் எழுதிய காகிதம் தொளாயிரம் ஆண்டுகளைக் கடந்து இன்றும் இருக்கின்றது. பூட்டப்பிள்ளையோ காகிதத்தை நம்பவே இல்லை! இதனை வரலாற்றின் குறும்பு என்பதா, வேறென்னவென்பது?

காகிதத்தை நம்பலாமா என்னும் அக்கேள்விக்கு, அரசன் பெயர் சுட்டித் தடுத்த ஊர்களுள் ஒன்றான அமால்பியே காலப்போக்கில் விடையளித்தது. காகிதத்துக்குப் பெயர்போன ஊராக அது வளர்ந்தது. அங்கே மலையாற்றின் வேகத்தால் இயங்கிய பழைய காகித ஆலையொன்று இன்றும் உள்ளது. அவ்வாலையின் கதையே இக்கட்டுரையின் பொருளாகும்.

கீழ்த்திசையிலிருந்து வந்த கலை

காகிதம் சீனர் உலகுக்கு ஈந்த கொடை என்பதை மாணவர் அறிவர். கி.பி. 105ஆம் ஆண்டில் சாய் லூன் என்னும் அரண்மனை அதிகாரி, மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைத் தம் பேரரசனுக்கு அறிவித்தார் என்று சீன வரலாறு கூறும். அதற்கு முற்பட்ட காகிதத் துண்டுகளும் அகழ்வாராய்ச்சியிற் கிடைத்திருத்தலால், அவர் முன்பே இருந்த கலையைச் செம்மைப்படுத்தினார் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

எட்டாம் நூற்றாண்டில் அக்கலை மத்திய ஆசியாவின் சமர்க்கந்து நகரிலே அரபியர் கைக்கு வந்தது. பின்னர்ப் பக்தாது, தமஸ்கு, எகிப்து, வட ஆபிரிக்கா என ஊரூராய் மேற்றிசை நோக்கிச் சென்று, ஸ்பெயினையும் இத்தாலியையும் அடைந்தது. சீனத்திலிருந்து ஐரோப்பாவை அடைய அதற்கு ஓராயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்நெடும் பயணத்தின் அடிச்சுவடுகள் நம் பேச்சிலேயே உள்ளன. காகிதம் என்று நாம் வழங்குஞ் சொல், பாரசீகரின் காகத் என்பதன் வழிவந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாள்தோறும் வழங்கும் கடதாசி என்ற சொல், போர்த்துக்கேயர் வாயிலாக நம்மை அடைந்தது. அதன் மூலம் அரபியரின் கிர்தாஸ் என்பர். பாடசாலைப் பண்டகசாலையில் நாம் எண்ணி வாங்கும் றீம் கூட, கட்டு எனப் பொருள்படும் ரிஸ்மா என்னும் அரபுச் சொல்லின் திரிபேயாகும். பொருளுடன் பெயரும் கப்பலேறி வந்தது.

அமால்பி நகரத்தார் கடலோடிகள். எகிப்திலும் சிரியாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் அவர்தம் வணிகர் குடியேறி வாழ்ந்தனர். ஆதலின் அரபியரின் காகிதம் அவர்களுக்குப் பழகிய சரக்காயிருந்தது. அவர்கள் தம் ஊரிற் செய்த காகிதத்திற்குப் பம்பாஜினா என்று பெயர். சிரியாவின் பம்பிசே என்னும் நகரின் பெயரே அதற்கு மூலம் என்று ஒரு சாராரும், பருத்தியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே மூலம் என்று வேறொரு சாராரும் கூறுவர்.

மலையும் ஆறும்

நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே, சலேர்னோ விரிகுடாவின் கரையில், லத்தாரி மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குமிடத்தில் அமால்பி அமைந்துள்ளது. வயல் செய்யச் சமநிலம் இல்லை. ஆனால் மலையிடுக்கினூடே கன்னெத்தோ என்னும் சிற்றாறு பாய்ந்து வருகின்றது. நீளத்தாற் சிறிதாயினும் உயரத்திலிருந்து விழுவதனால் அதன் வேகம் பெரிது. அவ்வேகத்தை வீணாக்காமல், பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக ஆலைகளை நிறுவினர் அம்மக்கள். மேலே இரும்பு உருக்குமிடங்களும் கீழே மாவரைக்கும் ஆலைகளும் காகித ஆலைகளுமாக, ஓராலை பயன்படுத்திய நீரையே அடுத்த ஆலையும் பயன்படுத்திற்று. ஆலைகளின் பள்ளத்தாக்கு என்பதே அவ்விடத்தின் பெயராயிற்று.

12ஆம் நூற்றாண்டில் பீசா நகரத்தார் அமால்பியைச் சூறையாடினர். 1343ஆம் ஆண்டு நவம்பரில் எழுந்த கொடும் புயலும் கடற்கொந்தளிப்பும் அதன் துறைமுகத்தைச் சிதைத்தன. கடல்வாணிகம் குன்றியபோது, சிற்றாற்றின் கரையிலே நடந்த காகிதத் தொழில் அவ்வூருக்குப் பல நூற்றாண்டுகள் சோறிட்டது.

இன்று நகரின் முதன்மைத் தெருவுக்கு அடியில் அவ்வாறு மூடப்பட்டு ஓடுகின்றது. தெருவழியே மேலேறிச் செல்வோர், பள்ளத்தாக்கின் வாயிலில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் பழைய ஆலையைக் காணலாம். படிகளில் இறங்கினால் கல்லாற் கட்டிய வளைகூரை, ஈரமான சுவர், நீரின் ஓசை. அக்கீழ்த்தளமே காகிதம் பிறந்த இடம்.

கந்தை கூழான விதம்

அக்காலக் காகிதத்துக்கு மரம் மூலப்பொருளன்று. மக்கள் உடுத்துக் கழித்த பருத்தி, சணல், லினன் துணிகளே மூலப்பொருள். மூட்டை மூட்டையாக வந்த கந்தைகளை முதலில் நிறம், தரம் பார்த்துப் பிரிப்பர். பொத்தானும் தையலும் நீக்கிச் சிறு துண்டுகளாக அறுப்பர். பின்னர் நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுவர். பல நாட்கள் ஊறிய துணி தன் உறுதியை இழந்து இளகும்.

இனி இடிக்கும் வேலை. நம் ஊர்களில் நெல் குற்றும் உரலையும் உலக்கையையும் நினைவிற் கொள்ளுங்கள். இங்கே உரல், கல்லிற் குடைந்த தொட்டி, உலக்கை, கனத்த மரச் சம்மட்டி, குற்றுவது ஆறு. நீர் விழுந்து சக்கரம் சுழலும்போது அதன் நீண்ட அச்சும் சுழலும். அச்சின்மேல் ஆங்காங்கே முளைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு முளையும் ஒரு சம்மட்டியின் வாலை அழுத்தித் தலையை உயர்த்தும். முளை விலகியதும் சம்மட்டி தன் பாரத்தாலே தொட்டிக்குள் விழும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மட்டிகள் ஓயாமல் இடித்துக்கொண்டேயிருக்கும்.

சம்மட்டிகளின் தலைகளில் இரும்பாணிகள் பதித்திருப்பர். முதலில் துணியைக் கிழிப்பதற்குக் கூரிய ஆணி; அடுத்து நூலைப் பிரிப்பதற்கு மழுங்கிய ஆணி; இறுதியில் கூழை நசுக்கிப் பதமாக்குவதற்கு மென்மையான தலை. இடித்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்த நீர் தொட்டியினூடே ஓடி அழுக்கை அடித்துச் செல்லும். அதனாலேயே காகித ஆலைக்கு வேகமான நீரும் வேண்டும், மாசற்ற நீரும் வேண்டும். சேறு கலந்தால் தாள் மங்கும். நீரில் இரும்புச் சத்து மிகுந்தால் துருநிறம் படியும்.

சீனரும் அரபியரும் கூழைப் பெரும்பாலும் மனிதராலும் விலங்காலும் இயங்கிய கருவிகள் கொண்டு இடித்தனர். ஆற்றுநீரால் இயங்கும் வரிசைச் சம்மட்டிகளைச் செம்மைப்படுத்திய பெருமை, 13ஆம் நூற்றாண்டு முதல் இத்தாலியருக்கு உரித்தாகக் கூறப்படுகின்றது. அவ்வொரு மாற்றத்தினால் காகிதத்தின் விலை இறங்கியது; தோலில் எழுதியவர் காகிதத்தை நாடினர்.

தொட்டியிலிருந்து தாள்வரை

பதமான கூழை நீர் நிறைந்த பெருந்தொட்டியிலே கரைப்பர். பார்வைக்கு அது தண்ணீர் கலந்த பால்போல் இருக்கும். தொட்டியருகே நிற்கும் தொழிலாளியின் கையில் ஒரு மரச்சட்டம். அதில் மெல்லிய பித்தளைக் கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். சட்டத்தைத் தொட்டிக்குள் செங்குத்தாக இறக்கி, மட்டமாகத் திருப்பி, மேலே தூக்குவான். நீர் கம்பிகளினூடே வடியும். இழைகள் மேலே தங்கும். வடிந்து முடியுமுன் முன்னும் பின்னுமாக ஒருமுறை, இடமும் வலமுமாக ஒருமுறை சட்டத்தை அசைப்பான். எல்லாம் சில விநாடிகளுள் முடிந்துவிடும்.

அச்சிறு அசைவிலேதான் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. அசையாவிடில் இழைகள் ஒரே திசையிற் படிந்து தாள் எளிதிற் கிழியும். அசைந்தால் அவை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தாள்களை ஒரே தடிப்பிலே எடுக்கவேண்டும். அளப்பதற்குக் கருவியில்லை, கையே தராசு. தாளின் பெரும அளவும் மனிதன் கைவிரித்து நீர்ச்சுமையுடன் தூக்கக்கூடிய சட்டத்தின் அளவே.

இரண்டாமவன் அவ்வீரத் தாளைக் கம்பளித் துணியின்மேல் கவிழ்த்து ஒற்றியெடுப்பான். அதன்மேல் இன்னொரு துணி. அதன்மேல் இன்னொரு தாள். இவ்வாறு அடுக்கிய குவியலைப் பெரிய திருகாணி அழுத்தியில் வைத்துப் பலர் கூடி இறுக்குவர். நீர் பீறிட்டு வெளிவரும். பின்பு மூன்றாமவன் தாள்களைத் துணியிலிருந்து கிழியாமல் உரித்தெடுப்பான்.

அவ்வாறு உரித்த தாள்களை மேல்மாடிக்குக் கொண்டுசென்று கயிறுகளிற் கொடித்துணிபோல் தொங்கவிடுவர். பழைய ஆலைகளின் மேல்மாடிகளிற் சாளரங்கள் மிகுதியாக இருப்பதன் காரணம் இதுவே. வெயில் நேரே படலாகாது. காற்று மட்டும் ஊடுருவ வேண்டும். காய்ந்த தாளை அப்படியே விட்டால் மை ஊறிப் பரவும். ஆகவே தோல், எலும்புக் கழிவுகளைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையிலே தாளைத் தோய்த்து, மீண்டும் அழுத்தி, மீண்டும் உலர்த்துவர். அரபியர் மாப்பசையைப் பூசினர். இத்தாலியில் பப்ரியானோ நகரத்தார் வச்சிரப் பசையைக் கையாண்டனர். பூச்சியாலும் பூஞ்சணத்தாலும் எளிதிற் கெடாத உறுதி அதனால் தாளுக்குக் கிடைத்தது.

இங்கே விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒரு கேள்வி கேட்கலாம்: பசையில் தோய்ப்பதற்கு முன்னரே தாள் எவ்வாறு ஒட்டி நின்றது? பருத்தி இழை செலுலோஸ் என்னும் பொருளாலானது. நீரில் நன்றாக இடிபட்ட இழையின் மேற்பரப்பு நுண்ணிய மயிர்போலப் பிரியும். நீர் வற்றும்போது இழைகள் ஒன்றையொன்று நெருங்கும். அவற்றிடையே ஐதரசன் பிணைப்புகள் தோன்றும். ஒவ்வொரு பிணைப்பும் மெலிது. எண்ணிலாத பிணைப்புகள் சேர்ந்தால் வலிது. ஊற இடித்த உழைப்பே தாளின் பசையாகும்.

நீரிலிட்ட கையொப்பம்

தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் அதனுள்ளே ஓர் உருவம் தோன்றக் காண்கிறோம் அல்லவா? அதனை நீர்க்குறி என்பர். சட்டத்தின் கம்பிகளின்மேல் ஒரு சிறு கம்பியுருவத்தைத் தைத்துவிடுவர். அவ்விடத்திலே கூழ் சற்று மெல்லியதாகப் படியும். ஆதலின் ஒளி அவ்வழியே மிகுதியாகப் புகும். அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய நீர்க்குறி 1282ஆம் ஆண்டளவில் இத்தாலியிலே தோன்றியது. சிலுவை, மலர், கிரீடம், விலங்கு என ஆலைதோறும் வெவ்வேறு குறிகள் வந்தன.

ஆலையின் முத்திரையாகத் தொடங்கிய இக்குறி பிற்காலத்திற் பெருஞ்சாட்சியாயிற்று. நாளில்லாத பழங்கடிதம் எக்காலத்தது என அறியவும், மூதாதையர் எழுதியதெனக் காட்டப்படும் உறுதி பொய்யுறுதியா என ஆராயவும் அறிஞர் நீர்க்குறியையே நாடுகின்றனர். காகிதம் சாட்சி சொல்லத் தகுதியற்றதென்று கருதினான் பேரரசன். எழுத்து பொய் சொன்ன இடத்திலே, அவ்வெழுத்தைத் தாங்கிய காகிதம் உண்மை உரைத்தது.

மலிவு வந்தது, உறுதி போயிற்று

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் ஒரு புதுப்பொறியைக் கண்டனர். நீள்வட்டத் தொட்டியொன்றிலே அலகுகள் பதித்த உருளை சுழன்று கந்தையை அரைக்கும். சம்மட்டிகள் நாட்கணக்கிற் செய்த வேலையை அது மணிக்கணக்கிற் செய்தது. அமால்பி ஆலையிலும் பின்னர் அப்பொறி இடம்பெற்றது. பழைய சம்மட்டிகளையும் அதனையும் இன்று ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து வந்தது பெரும் புரட்சி. 1799ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான நிக்கலா லூயி றொபேர், முடிவின்றி ஓடும் கம்பிவலையில் நீண்ட காகிதச் சுருளை உண்டாக்கும் பொறிக்கு உரிமம் பெற்றார். காகிதத்தின் தேவை பெருகப் பெருகக் கந்தை போதவில்லை. 1840களில் ஜேர்மனியைச் சேர்ந்த கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். கல்வி பரவியது, செய்தித்தாள் ஏழை வீட்டுக்கும் எட்டியது. இந்நன்மையை நாம் மறுத்தல் ஆகாது. பொறிக் காகிதம் இல்லையேல் நம் பிள்ளைகள் கையிற் பாடநூலும் இல்லை. இக்கட்டுரையும் உங்கள் கையை அடைந்திராது.

ஆயினும் அதற்கொரு விலை கொடுக்க நேர்ந்தது. வச்சிரப் பசைக்குப் பதிலாக, மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிற் பரவியது. படிகாரம் அமிலத் தன்மையை உண்டாக்கும். அமிலம் செலுலோசின் நீண்ட சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கும். அரைத்த மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருளோ ஒளிபட்டு மஞ்சளாகும். விளைவு என்ன? 15ஆம் நூற்றாண்டில் கந்தைக் காகிதத்தில் அச்சிட்ட நூலை இன்றும் அச்சமின்றிப் புரட்டலாம். 1900ஆம் ஆண்டளவில் மரக்கூழ்க் காகிதத்தில் அச்சிட்ட நூலைத் தொட்டால் ஓரங்கள் பொடிந்து உதிர்கின்றன. ஞாயிறு மலரிலிருந்து கத்தரித்துப் பெட்டியில் வைத்த பக்கம், சில ஆண்டுகளிலே தேநீர் நிறம் அடைவதை வீடுகளிற் காண்கிறோம்.

பேரரசன் அஞ்சியது நடந்தேவிட்டது. ஆனால் அவன் அஞ்சிய காகிதத்தில் நடக்கவில்லை. அவனுக்கு அறுநூறு ஆண்டுகள் பின்னால் வந்த காகிதத்திலே நடந்தது! 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூலகங்கள் விழித்துக்கொண்டன. அமிலமில்லாத காகிதத்துக்கு நியமங்கள் வகுக்கப்பட்டன. 1994ஆம் ஆண்டில் நிலைபேறுடைய காகிதத்துக்கென அனைத்துலக நியமமும் வெளியாயிற்று. பழைய கந்தைக் காகிதம் தானாகவே பெற்றிருந்த பண்பைப் புதிய காகிதம் சட்டம் வகுத்துப் பெறவேண்டியதாயிற்று.

கொடுத்த ஆறே கொண்டுபோனது

பொறிகள் பரந்த நிலத்தை வேண்டின. அமால்பியின் குறுகிய மலையிடுக்கிலே அதற்கு இடமில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாய் நலிந்தன. எஞ்சியவற்றுக்கும் ஒருநாள் இடர் வந்தது. 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி இரவு சலேர்னோக் கரையெங்கும் பெருமழை கொட்டியது. மலைச்சரிவுகள் சேறாகி இறங்கின. விடிவதற்குள் அப்பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமால்பிப் பள்ளத்தாக்கிலிருந்த காகித ஆலைகளிற் பெரும்பாலானவை சிதைந்துபோயின. பல நூற்றாண்டுகள் சக்கரத்தைச் சுழற்றிய நீரே சக்கரத்தை அடித்துச் சென்றது.

தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்த குடும்பங்கள் பல அத்தொழிலைக் கைவிட்டன. அவ்வாறான குடும்பமொன்றிற் பிறந்த நிக்கோலா மிலானோ என்பவருக்கு அப்பழைய ஆலை உரியதாயிருந்தது. கடல்தீரத்து அழகை நாடிச் சுற்றுலாப் பயணிகள் வரத்தொடங்கிய காலம் அது; ஒவ்வொரு கட்டடமும் பொன்விலை பெறும். அவரோ ஆலையைக் காகித நூதனசாலையாக்க எண்ணி அதனை 1969ஆம் ஆண்டில் அப்பணிக்கே அளித்தார். 1971இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே சம்மட்டிகளை இன்றும் நீரால் இயக்கிக் காட்டுகின்றனர். பார்க்க வருவோர் தாமே சட்டத்தைத் தொட்டியில் இறக்கி ஒரு தாள் எடுக்கலாம். முதல் முயற்சியில் ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் வருவதைக் கண்டு சிறுவரும் பெரியவரும் நகைப்பர். அதன்பின்னரே தொழிலாளியின் கையசைவை உற்றுநோக்குவர். ஊரிலே கைக்காகிதத் தொழிலும் முற்றாக மறையவில்லை. ஓரம் சீராக வெட்டப்படாது இழையிழையாகத் தோன்றும் அமால்பித் தாளைத் திருமண அழைப்புக்கும் சிறப்பு மடல்களுக்கும் மக்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

நமக்கும் இதிற் பங்குண்டு

ஐரோப்பியரின் இக்கைத்தொழில் ஒருமுறை தமிழ்நாட்டின் கரையையும் தொட்டது. 1713ஆம் ஆண்டிலே தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் முதலியோர் தமிழ் அச்சுக்கூடம் நடத்தத் தொடங்கினர். அவர்களுக்கு நேர்ந்த பெருந்தடை எழுத்தன்று, காகிதம். கப்பலில் வரும் காகிதம் போதாமையாற் சிறிய எழுத்துக்களைப் புதிதாக வார்த்து, ஒரு தாளில் மிகுதியாக அச்சிட முயன்றனர். 1715ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் நிறுவினர். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே காகிதத்தின் அருமையை உணர்ந்தவர்கள் இருந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

அதற்கு முன்னும் பின்னும் நம் முன்னோர் நம்பியது பனையோலை. ஓலையும் என்றும் நில்லாது, செல்லரிக்கும், ஒடியும். ஆதலால் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பிரதி செய்தனர். பொருளின் குறையை உழைப்பால் நிறைத்தனர். அவ்வுழைப்பு நின்ற இடங்களில் நூல்கள் இறந்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. எத்துணை உறுதியான தாளும் நெருப்பின்முன் ஒன்றுதான் என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். எழுதும் பொருள் நல்லதாக இருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் கையும் நல்லதாக இருத்தல் வேண்டும். அதெலாசியாவின் கடிதம் நிலைத்ததும் இவ்விரண்டினாலேயே. நல்ல கந்தையிற் பிறந்தது அது. பல தலைமுறைகள் அதனை எறியாமல் வைத்திருந்தன.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டனாரின் காணி உறுதியோ, கடல்கடந்து வந்த கடிதமோ, பழைய சாதகக் குறிப்போ இருக்கலாம். மெல்ல எடுத்துச் சாளரத்தின் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எழுத்துக்களுக்குப் பின்னால் ஒரு நீர்க்குறி தோன்றுதலும் கூடும். பிள்ளைகளை அருகழைத்து அதனைக் காட்டுங்கள். பின்னர் ஈரமும் வெயிலும் அணுகாத இடத்தில், தூய தாளொன்றிற் பொதிந்து, மீண்டும் வைத்துவிடுங்கள். நம் பூட்டப்பிள்ளைகள் ஒருநாள் அதனைத் தேடி வருவர்.